காற்றை நம்பிய பியர்

பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆர்மன்ட் டெபெல்டர் 2022 மார்ச் மாதத்தில் காலமானார். எமது பத்திரிகைகள் எதிலும் அந்தச் செய்தி இடம்பெற்றதாக எனக்கு ஞாபகமில்லை. இடம்பெறாததில் வியப்பும் இல்லை. அவர் அரசியல்வாதியோ விளையாட்டு வீரரோ அல்லர். பிரசல்ஸ் நகருக்குத் தெற்கேயுள்ள பேர்சல் என்ற சிற்றூரில் பியர் தயாரித்து விற்றவர். ஆயினும் அவர் மறைந்தபோது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்ட இரங்கற் குறிப்புகளை வாசித்தவர்களுக்குத் தெரியும், வழக்கொழிந்து போகவிருந்த ஒரு கைத்தொழிலைத் தாங்கிப் பிடித்த சிலரில் ஒருவராகவே அவரை எல்லோரும் நினைவுகூர்ந்தார்கள். பத்திரிகை வாழ்வின் பெரும்பகுதியை வெளிநாட்டுச் செய்திகளை மொழிபெயர்ப்பதிலும் செம்மைப்படுத்துவதிலும் கழித்தவன் என்பதாலோ என்னவோ, பின்பக்கத்தில் நாலு வரிச் செய்தியாகவேனும் இது வந்திருக்க வேண்டுமே என்ற ஆதங்கம் எனக்கு இருந்தது. அந்த நாலு வரி இங்கே சற்று நீண்டுவிட்டது.

மதுவைப் பற்றி எழுத வேறு விடயமே கிடைக்கவில்லையா என்று முகம் சுளிக்கும் வாசகர்கள் இருப்பார்கள். குடிப்பழக்கம் எமது சமூகத்திலே எத்தனை குடும்பங்களைச் சீரழித்திருக்கின்றது என்பதைச் செய்தியாளன் என்ற முறையில் நன்கறிவேன். குடியைப் போற்றுவது என் நோக்கமன்று. ஒரு பாரம்பரியத் தொழில் எதனால் அழிகின்றது, எவரால் பிழைக்கின்றது என்பதைச் சிந்திப்பதற்கு இந்தப் பியரின் கதை நல்லதோர் உதாரணம். அதற்காகவே எழுதுகின்றேன்.

இன்று உலகில் விற்பனையாகும் பியரில் மிகப் பெரும்பாலானது ஆய்வுகூடத்தில் தூய்மையாக வளர்க்கப்பட்ட மதுவத்தை இட்டுத் தயாரிக்கப்படுவது. கொப்பன்ஹேகனில் இருந்த கார்ல்ஸ்பெர்க் ஆய்வுகூடத்தில் எமில் ஹன்சன் என்ற விஞ்ஞானி 1883 ஆம் ஆண்டில் தனியொரு மதுவ வகையைப் பிரித்தெடுத்து வளர்த்துக் காட்டியதுடன் இந்த முறை நிலைபெற்றது. அதன் பின்னர் பியர் கணக்குத் தவறாத ஒரு பண்டமாகிவிட்டது. இவ்வாண்டு வாங்கும் போத்தலும் அடுத்த ஆண்டு வாங்கும் போத்தலும் ஒரே சுவையாக இருக்கும். இருக்க வேண்டும் என்பதுதான் கம்பனிகளின் குறிக்கோள்.

லம்பிக் எனப்படும் பியர் இதற்கு நேர்மாறானது. பிரசல்ஸ் நகரிலும், அதன் தென்மேற்கே சென் ஆற்றின் பள்ளத்தாக்கையொட்டிய பயோட்டன்லாண்ட் என்ற விவசாயப் பிரதேசத்திலும் மாத்திரமே மரபாகத் தயாரிக்கப்பட்டு வந்தது. ஓவியர் புரூகல் 1560 களில் பிரசல்ஸில் வாழ்ந்த காலத்தில் தீட்டிய கிராமத்துக் காட்சிகள் இந்தப் பிரதேசத்தைச் சார்ந்தவை. குருடர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பள்ளத்தில் விழும் அவரது ஓவியத்தின் பின்னணியிலுள்ள தேவாலயம் இன்றும் அங்கே நிற்கின்றது.

இந்தப் பியருக்கு எவரும் மதுவம் இடுவதில்லை. பார்லி முளைமாவுடன் முளைக்க வைக்காத கோதுமையைக் குறைந்தது 30 வீதம் சேர்த்துக் கூழாக்கி வடித்தெடுத்த சாற்றை மணிக்கணக்கில் கொதிக்க வைக்கிறார்கள். அதில் இடும் ஹொப் பூவும் புதியதன்று. இரண்டு மூன்று ஆண்டுகள் வைத்துப் பழையதாக்கியது. கசப்பும் மணமும் போய், வேண்டாத பற்றீரியாக்களை அடக்கும் தன்மை மட்டும் எஞ்சியிருக்கும். கொதித்த சாற்றைக் கூரைக்குக் கீழே உள்ள மேல்மாடிக்கு ஏற்றி, அகன்று ஆழமில்லாத ஒரு தொட்டியில் விடுகின்றார்கள். மறுநாள் காலை வரையும் அது அங்கேயே திறந்தபடி கிடக்கும். சாளரங்களும் கூரை இடுக்குகளும் திறந்திருக்கும். ஆவி மேலே போகும். குளிர்காற்று உள்ளே வரும். அந்தக் காற்றோடு வருகின்ற நுண்ணங்கிகள் சாற்றில் இறங்கும். விடிந்ததும் அதை மரப்பீப்பாக்களில் நிரப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். இது ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரையான குளிர் மாதங்களுக்குரிய வேலை. கோடையிலே காற்றில் வேண்டாத நுண்ணங்கிகள் மிகுந்துவிடும்.

காற்று என்று சொல்வது முழு உண்மையன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். பீப்பாவின் மரத்திலும் அந்தக் கட்டடத்தின் சுவரிலும் கூரையிலும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் நுண்ணங்கிகளுக்கும் இதிலே பெரும் பங்குண்டு என்று ஆய்வாளர்கள் கூறுகின்றனர். பீப்பாவினுள் நடப்பது ஓர் ஊர்வலம் போன்றது. முதல் சில வாரங்களில் குடல்வாழ் பற்றீரியாக் குடும்பத்தைச் சேர்ந்தவை பெருகும். அவற்றைத் தள்ளிவிட்டு வழமையான மதுவம் வந்து வெல்லத்தை அற்ககோலாக்கும். பல மாதங்கள் கழித்து பெடியோகொக்கஸ் என்ற பற்றீரியா புளிப்பை ஏற்றும். அந்தக் கட்டத்தில் பியர் சில வேளைகளில் எண்ணெய் போல் வழவழத்து இழுபடும். நோய்ப்பட்ட பியர் என்று அதற்குப் பெயர். அனுபவமில்லாதவர் அதைக் கண்டால் பழுதாகிவிட்டது என்று கொட்டிவிடுவார். தெரிந்தவர் கை வைக்க மாட்டார். ஏனென்றால், கடைசியாக பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு மதுவம் மெல்ல மெல்ல வந்து அந்த வழவழப்பைத் தின்று தீர்த்துவிடும். 1904 இல் இந்த மதுவத்துக்குப் பெயரிட்டவரும் கார்ல்ஸ்பெர்க் விஞ்ஞானிதான். ஆங்கிலப் பியரில் கண்டதால் பிரித்தானியாவின் பெயரை வைத்தார். 1921 இல் லம்பிக்கிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இனத்துக்கு பிரசல்ஸின் பெயர் கிடைத்தது. ஒரு தலைநகரின் பெயரைத் தாங்கிய மதுவம்.

ஓர் ஆண்டு, ஈராண்டு, மூவாண்டு வயதுடைய லம்பிக்குகளைச் சுவைத்துச் சுவைத்துக் கலந்து, போத்தலில் அடைத்து மீண்டும் நொதிக்க விட்டால் அது கூஸ் எனப்படும். புளிப்புச் செறிகளை ஊறவைத்தால் கிறீக். கலப்பது தனிக் கலை. தாமே பியர் காய்ச்சாமல், பிறரிடம் வாங்கிய சாற்றைத் தமது பீப்பாக்களில் வளர்த்துக் கலப்பதை மாத்திரமே தொழிலாகக் கொண்ட குடும்பங்களும் இருந்தன.

இத்தொழில் ஏன் நலிந்தது என்பதை ஊகிக்கப் பெரிய பொருளியல் அறிவு தேவையில்லை. சாதாரண பியரைச் சில வாரங்களில் விற்றுக் காசாக்கலாம். இதற்கு மூன்று ஆண்டுகள் முதல் முடங்கிக் கிடக்கும். அதற்குள் பீப்பாவிலிருந்து ஒரு பகுதி ஆவியாகிப் போய்விடும். விற்கும்போதும் குடியானவர்களின் பானம் என்று சொல்லி மலிந்த விலையே கொடுத்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மக்களின் நாக்கு இனிப்பின் பக்கம் சாய்ந்தது. பெரிய ஆலைகள் லம்பிக்கை வடிகட்டி, சூடாக்கி நுண்ணங்கிகளைக் கொன்று, இனிப்பூட்டி அதே கூஸ் என்ற பெயரில் விற்கத் தொடங்கின. இவ்வகையில் பெரிதாக வளர்ந்த பெல்-வூ ஆலையின் உரிமையாளரே அண்டர்லெக்ட் உதைபந்தாட்டக் கழகத்தின் தலைவராகவும் விளங்கினார் என்பது உதைபந்தாட்ட இரசிகர்களுக்காக நான் சொல்லி வைக்கும் உபரித் தகவல். போத்தலின் பெயர் மாறவில்லை. உள்ளே இருந்தது மாறிவிட்டது. அழிவுகளில் கொடியது இதுதான் என்பது என் அபிப்பிராயம். ஒன்று இல்லாமற் போனால் அதைத் தேடுவதற்காவது ஆளிருக்கும். பெயர் இருந்துகொண்டே பொருள் மாறிவிட்டால் எவரும் தேடமாட்டார்கள்.

எதிர்நீச்சல் போட்டவர்கள் மிகச் சிலர். 1970 களில் பிராங்க் பூன் என்ற இளைஞர், ஓய்வுபெறவிருந்த ஒரு முதியவரிடமிருந்து அவரது கலப்புத் தொழிலை வாங்கினார். வளர்ந்து வரும் தொழில்களை விட்டுவிட்டு முடியப்போகும் தொழிலை வாங்கியவரை ஊரார் எவ்வாறு பார்த்திருப்பார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். பிரசல்ஸின் அண்டர்லெக்ட் பகுதியில் 1900 முதல் இயங்கும் கான்டியோன் ஆலையை மாமனார் குடும்பத்திடமிருந்து ஏற்ற ஜோன்-பியர் வான் ரோய், நட்டத்தைச் சமாளிக்க 1978 இல் ஆலையையே அருங்காட்சியகமாக்கி, கட்டணம் செலுத்தியவர்களைப் பியர் காய்ச்சும் இடத்துக்குள் அனுமதித்தார். அருங்காட்சியகம் என்றாலே உயிரற்ற பொருட்களின் இருப்பிடம் என்பது எமது எண்ணம். அங்கே உயிருள்ள தொழிலுக்கு அது ஊன்றுகோலாயிற்று.

மூன்றாமவர் ஆர்மன்ட் டெபெல்டர். அவருடைய தந்தை 1953 இல் பேர்சலில் வாங்கிய, மூன்று ஊற்றுகள் எனப் பொருள்படும் பெயருடைய மதுச்சாலையையும் கலப்புத் தொழிலையும் 1982 இல் சகோதரருடன் பொறுப்பேற்றார். 1997 இல் ஏனைய தயாரிப்பாளர்களைத் திரட்டி ஹோரால் என்ற சங்கத்தைத் தோற்றுவிப்பதில் முன்னின்றார். அதுவரை ஒருவரையொருவர் போட்டியாளராகப் பார்த்தவர்களை ஒரே மேசையில் அமர்த்தியது சாதாரண காரியமன்று. எங்கள் ஊர்களில் இரண்டு வாசிகசாலைகளை ஒன்றாக்க முயன்று பார்த்தவர்களுக்கு அதன் சிரமம் புரியும். சங்கம் ஈராண்டுக்கு ஒருமுறை ஆலைகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. சனங்கள் பஸ்களில் வந்து இறங்கினர். கான்டியோன் குடும்பத்தினர் இச்சங்கத்தில் சேரவில்லை. இனிப்பூட்டிய பியரையும் விற்கும் ஆலைகளோடு ஒன்றாக இருக்க முடியாது என்பது அவர்களது பிடிவாதம். யார் பக்கம் நியாயம் என்று கேட்டால், சங்கம் அமைத்தவர் பக்கமும் சேராதவர் பக்கமும் இருந்தது என்றுதான் சொல்வேன். சமரசம் செய்பவர்கள் மட்டும் இருந்திருந்தால் தரம் போயிருக்கும். பிடிவாதக்காரர்கள் மட்டும் இருந்திருந்தால் ஓர் ஆலைதான் மிஞ்சியிருக்கும்.

2009 மே மாதத்தில் டெபெல்டரின் களஞ்சியத்தில் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கருவி பழுதடைந்தது. போத்தல்கள் மீண்டும் நொதிப்பதற்காக இளஞ்சூட்டில் வைக்கப்பட்டிருந்த அறை இரவிரவாக அடுப்பாயிற்று. பல போத்தல்கள் வெடித்துச் சிதறின. வெடிக்காதவையும் வெந்துவிட்டன. 80,000 க்கும் மேற்பட்ட போத்தல்கள். அதாவது பல ஆண்டுகளின் உழைப்பு. எவரும் இத்தொழிலை விட்டுவிட அது போதுமான காரணம். பியர் காய்ச்சும் சாதனங்களைக் கைவிட வேண்டி வந்தது. ஆனால் போட்டி ஆலைகள் தமது சாற்றை அவருக்குக் கொடுத்தன. தொண்டர்கள் வந்து போத்தல் போத்தலாகத் திறந்து ஊற்ற, வெந்துபோன பியரை வடித்துச் சாராயமாக்கி அதற்குத் தன் பெயரையே வைத்து விற்று, கடனில் ஒரு பகுதியை அடைத்தார். சில ஆண்டுகளில் மீண்டும் தாமே காய்ச்சத் தொடங்கினார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் கட்டிய சங்கத்தின் பயன் அந்த வருடத்தில்தான் தெரிந்தது என்று நான் நினைக்கின்றேன்.

சட்டம் என்ன செய்தது? பழைய கூஸ், பழைய கிறீக் என்ற பெயர்களை ஐரோப்பிய ஒன்றியம் 1997 இல் மரபுவழிச் சிறப்புப் பண்டங்களாகப் பதிவு செய்தது. பழைய என்ற அடைமொழி இருந்தால் இனிப்பூட்டாத, தானாக நொதித்த அசல் என்று நம்பலாம். ஆனால் இப்பதிவு முறையைக் காக்கிறதேயன்றி இடத்தைக் காக்கவில்லை. விதிகளைப் பின்பற்றி வேறெங்கும் தயாரிக்கலாம். எங்கள் இலங்கைக் கறுவாவுக்கு 2022 இல் அதே ஒன்றியம் வழங்கிய புவிசார் குறியீட்டை எடுத்துப் பாருங்கள். அது இந்த மண்ணோடு கட்டப்பட்ட பெயர். இந்த மண்ணில் விளையாததை அப்பெயரில் அங்கே விற்க முடியாது. பயோட்டன்லாண்டின் காற்றுக்கு அப்படியொரு உறுதிப்பத்திரம் கிடையாது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் அலகாஷ் என்ற ஆலை 2007 இல் திறந்த தொட்டி அமைத்து இதே முறையில் காய்ச்சத் தொடங்கியது. அவர்கள் நாணயமாக லம்பிக் என்ற பெயரைத் தவிர்த்துக்கொண்டார்கள். நாணயத்தை நம்பித்தான் பெயர் பிழைத்திருக்கின்றது. 2016 இல் யுனெஸ்கோ பெல்ஜியத்தின் பியர்ப் பண்பாட்டை மானிடத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அது நாட்டின் எல்லாப் பியருக்குமான கௌரவம். இராட்சதக் கம்பனிகளுக்கும் அதில் பங்குண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்னர் பணி நிமித்தம் பிரசல்ஸ் சென்றிருந்தபோது, அங்கே நீண்ட காலமாக வாழும் என் ஊரவர் ஒருவர் கான்டியோன் ஆலைக்குக் கூட்டிச் சென்றார். பெரிய புகையிரத நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரம். ஓர் ஒடுங்கிய தெருவில் வெளியிலிருந்து பார்த்தால் பழைய வாகனத் திருத்துமிடம் என்று எண்ணத் தோன்றும். உள்ளே பீப்பாக்கள் அடுக்கடுக்காக. மேலே சிலந்தி வலைகள். அவற்றைத் துடைப்பதில்லை, பழ வாசனைக்கு வரும் ஈக்களைச் சிலந்திகள் பிடித்துக் கொள்கின்றன.

"அண்ணை, இது உங்களுக்குப் பிடிக்குமோ தெரியாது. எங்கட கள்ளு ரெண்டு நாள் கிடந்தால் எப்பிடியிருக்குமோ, அப்பிடித்தான் முதல் வாய்க்குத் தெரியும்" என்றார் அவர்.

சரியாகத்தான் சொன்னார். நுரை எழாத அந்த இளம் லம்பிக்கை வாயில் வைத்ததும் சிறுவயதில் தவறணைப் பக்கமாக நடந்து போகையில் மூக்கில் ஏறிய வாசனை வந்து நின்றது. காரணமும் உண்டு. எமது பனங்கள்ளுக்கும் எவரும் மதுவம் இடுவதில்லை. முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசினால் நொதித்தல் தடைப்பட்டுக் கருப்பணி. பூசாவிட்டால், பாளையிலிருந்து சொட்டச் சொட்ட முட்டியிலும் காற்றிலும் உள்ளவை சேர்ந்து மரத்திலேயே கள்ளாக்கி விடுகின்றன. ஒரு வேறுபாடு, லம்பிக்குக்கு மூன்று ஆண்டுகள் தேவை. கள்ளுக்கு ஒரு நாளே ஆயுள். பிறகு புளித்துக் காடியாகிவிடும்.

இன்னொரு வேறுபாட்டை அங்கே நின்றபோது எண்ணாமல் இருக்க முடியவில்லை. அந்த ஆலையில் தந்தையின் தொழிலை மகன் ஜோன் வான் ரோய் பெருமையுடன் நடத்துகின்றார். எமது சீவல் தொழிலாளி ஒருவர் தன் மகன் பனையில் ஏறக்கூடாது என்று நினைத்தால், உயரத்துக்கு அஞ்சி மட்டும் அவ்வாறு நினைப்பதில்லை. அத்தொழிலைச் சாதியின் பெயரால் இழிவுபடுத்தி, அவர் இறக்கிய கள்ளைக் குடித்துவிட்டு அவரைப் படலைக்கு வெளியே நிறுத்திய சமூகம் இது. அந்தச் சமூகமே இன்று பனைசார்ந்த பாரம்பரியம் அருகிப்போகிறது என்று கருத்தரங்கு நடத்துகின்றது. நானும் அத்தகைய கருத்தரங்குகளுக்குச் செய்தி எழுதியிருக்கின்றேன். மரத்தில் ஏறுபவருக்கு மேடையில் ஆசனம் இருந்ததை ஓரிரு தடவைகளே கண்டிருக்கின்றேன். தொழிலைக் காப்பது என்றால் முதலில் தொழிலாளியின் மானத்தையும் வருமானத்தையும் காப்பது. பெல்ஜியத்திலும் குடியானவர்களின் பானம் என்ற ஏளனம் இருந்தது. நல்ல விலை கிடைத்த பின்னரே அது அகன்றது.

இப்போது நிலைமை தலைகீழ். ஒரு காலத்தில் விற்க முடியாமல் கிடந்த போத்தல்களை வாங்க உலகெங்குமிருந்து ஆட்கள் வருகின்றனர். வாங்கியதைப் பல மடங்கு விலைக்கு மறுவிற்பனை செய்வோரும் பெருகினர். ஒருவருக்கு இத்தனை போத்தல்தான் என்று கட்டுப்பாடு விதிக்க வேண்டியதாயிற்று. 2002 இல் மூடப்பட்ட பேர்சலின் இன்னொரு பழைய ஆலையை 2005 இல் புதியவர்கள் மீண்டும் திறந்தனர். இந்த நூற்றாண்டில் புதிய கலப்பாளர்களும் தோன்றியிருக்கின்றனர். டெபெல்டரின் ஆலை, அந்தப் பிரதேச விவசாயிகளைக் கொண்டே தானியத்தைப் பயிரிடுவிக்கத் தொடங்கியது. ஆக, ஆட்கள் கிடைத்துவிட்டார்கள், பணமும் வருகின்றது, சட்டமும் ஓரளவு துணை நிற்கின்றது.

குளிர்தான் போதவில்லை. தொட்டியில் விட்ட சாறு ஓரிரவில் ஆறுவதற்கு, வெளியே பூச்சியத்துக்குச் சற்றுக் கீழிருந்து 8 பாகை செல்சியஸ் வரையான குளிர் இருப்பது நல்லது. அரைநூற்றாண்டுக்கு முன் ஒக்டோபர் நடுப்பகுதியிலிருந்து மே வரை பாட்டனார் காய்ச்சினார் என்றும், தமக்கு அவ்வளவு நீண்ட பருவம் ஒருபோதும் வாய்த்ததில்லை என்றும் ஜோன் வான் ரோய் பத்திரிகையாளர்களிடம் கூறியிருக்கின்றார். 2015 நவம்பரில் பிரசல்ஸின் இரவுகள் வழமைக்கு மாறாக வெப்பமாக இருந்தபடியால் கான்டியோன் ஆலையில் காய்ச்சுவதையே நிறுத்தி வைத்தார்கள். இயந்திரத்தால் குளிரூட்டினால் ஒரு மணித்தியாலத்தில் ஆறிவிடும். எந்தச் சாதாரண ஆலையிலும் அந்த இயந்திரம் உண்டு. ஆனால் அந்த ஒரு மணித்தியாலத்தில் காற்று வந்து இறங்க நேரமிருக்காது. ஆகவே, பருவம் தொடங்கியதும் அவர்கள் வானிலை அறிக்கையைப் பார்க்கின்றார்கள். இரவு குளிராகும் என்றால் மட்டும் அன்று காலை தானியத்தை அரைக்கின்றார்கள்.